பழைய ஜப்பான் ஜீப் வாங்குவோர் முற்பணம் கொடுக்கமுன் பார்க்கவேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக அறுவடை முடிந்து நெல்லுக்காசு கைக்கு வரும் மாதங்களில் வவுனியா தொடக்கம் பரந்தன் வரை பழைய பஜிரோ, ஹைலக்ஸ், பிராடோ வாகனங்களைத் தேடித் திரிவோர் கூடிவிடுவார்கள். உரமூட்டை ஏற்றவும், மாரியில் உழுத வயல்போலாகும் உள்வீதிகளைக் கடக்கவும் இவற்றைப்போல ஒத்தாசையான வாகனம் வேறில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. அதனால் 25, 30 வயதான ஜீப்புகளே இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்க வருபவர் பெயின்றையும் ஏசியையும் சீற்றையும் பார்க்கிறார். விற்பவர் மினுக்கி வைத்திருப்பதும் அவற்றைத்தான். பெருஞ்செலவு வைக்கும் இடங்களோ இஞ்சினுக்குள்ளும் வாகனத்துக்கு அடியிலும் இருக்கின்றன.

இன்ன நேரம் வருவேன் என்று சொல்லாமல் விடியவே போங்கள். பொனற்றைத் திறந்து ரேடியேற்றரின் மேல் ஹோசைக் கையால் பிடியுங்கள். சூடிருந்தால் யாரோ முன்னதாகவே ஸ்ராட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். அன்றைய பரிசோதனையை விட்டுவிட்டு இன்னொரு நாள் போவது நல்லது. இஞ்சின் குளிர்ந்திருந்தால் மட்டும் ரேடியேற்றர் மூடியைக் கழற்றுங்கள். மூடியின் அடியில் மண்ணிறக் களிபோல ஏதாவது ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலக்கின்றன என்று பொருள். மூடியைத் திரும்பப் பூட்டி, சிலிண்டர் முன்கூட்டியே சூடேறுவதைக் காட்டும் ஹீற்றர் லைட் அணைந்ததும் ஸ்ராட் செய்யச் சொல்லி, அதே ஹோசை மறுபடி பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சூடேறாத நிலையிலேயே ஹோஸ் கல்லுப்போல இறுகினால், சிலிண்டருக்குள் இருக்கும் காற்று தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது. ஒன்றில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் அதன் கீழே கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெற் போயிருக்கும்.

பஜிரோவின் 4டி56, பிராடோவின் 1கே.இசட்., பழைய லாண்ட்குறூசரின் 2எல்-ரி.ஈ. ஆகிய ரேர்போ இஞ்சின்கள் மூன்றுக்கும் ஹெட் வெடிப்பது பழக்கப்பட்ட நோய். சுமையோடு நீண்டநேரம் ஓடும்போதுதான் அது வெளித்தெரியும். மலைநாட்டில் ஓர் ஏற்றம் காட்டிக்கொடுத்துவிடும். வன்னி தட்டை நிலம். சந்திவரை ஓடிப்பார்த்துத் திரும்பினால் எதுவும் விளங்காது. ஆகவே நண்பகலில் நாலு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிவரை ஏ9 வீதியில் நிற்பாட்டாமல் ஓடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஏசியை நிற்பாட்டாமலே பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏறினால் அந்த வாகனம் வேண்டாம்.

ஓட்டிவிட்டு வந்தவுடன் இஞ்சினை நிற்பாட்டாமலே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அதே வாயில் வையுங்கள். சற்று ஆடுவது வழமை. மூடி துள்ளிக் குதித்து, வாயால் நீலப்புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன.

ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல், பிராடோவின் 1கே.இசட். எல்லாம் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரைமிங் பெல்ற் பூட்டிய இஞ்சின்கள். பெல்ற் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ரொயோட்டா டீசல்களில் 1,00,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்லி மீற்றர் பலகையில் ‘ரி-பெல்ற்’ விளக்கு எரியும். திறப்பைத் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு அதுவும் ஒருதரம் எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் எரிந்துபோயிருக்கும் அல்லது யாரோ கழற்றியிருப்பார்கள். 4டி56 இல் இரண்டு பெல்ற்கள் உண்டு. இஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் சாப்ற்றை ஓட்டும் சின்ன பெல்ற் அறுந்தால் பெரிய பெல்ற்றுக்குள் சிக்கி அதையும் கெடுக்கும். விற்பவர் என்ன சொன்னாலும், வாங்கிய கிழமையே பெல்ற்களையும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனரையும் வோட்டர் பம்பையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே இடத்தைக் கழற்றும் வேலை என்பதால் கூலி ஒருதரம்தான். பஜிரோவின் 4எம்40 இஞ்சினுக்குச் செயின். அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. மீற்றர் பலகையில் பச்சை விளக்கு எரிவது போதாது. டீசலை மிச்சம் பிடிக்கவென்று முன்சில்லுகளுக்கு இழுவை கொண்டுபோகும் முன் புறொப்பலர் சாப்ற்றையே கழற்றிவைத்த வாகனங்கள் விற்பனைக்கு வருகின்றன. குனிந்து பாருங்கள். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து முன் டிபரன்சியலுக்கு ஒரு தண்டு போகவேண்டும்.

அடுத்து தார் வீதியை விட்டு மணல் தரைக்கு வாருங்கள். ஹைலக்ஸ் என்றால் முன் சில்லு இரண்டின் நடுவிலுள்ள ஹப்பையும் லொக் செய்து, லீவரை எச்4 (வேகமான ஃபோர் வீல்) இல் போட்டு, ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். பிறேக் பிடித்ததுபோல வாகனம் இழுத்து இறுகவேண்டும். திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடத் தூரம் ஓடுகின்றன. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிபரன்சியல் இல்லாததால்தான் அந்த இறுக்கம். இறுகாவிட்டால் முன்பக்கத்துக்கு இழுவை போகவில்லை. பெரும்பாலான இரண்டாந் தலைமுறைப் பஜிரோக்களுக்கும் 90 வரிசைப் பிராடோவுக்கும் நடுவில் டிபரன்சியல் உண்டு. அவற்றில் நடு லொக்கைப் போட்டபின்தான் இறுக்கம் தெரியும். பஜிரோவின் மீற்றர் பலகையில் முன்சில்லு விளக்குகள் நெடுக மினுங்கிக்கொண்டே இருந்தால் முதலில் முன் அச்சை இணைக்கும் வக்கும் (காற்றை உறிஞ்சும்) குழாய்களைப் பாருங்கள். பெரும்பாலும் வெயிலில் வெடித்த இறப்பர்தான் காரணம். விலையைக் குறைக்க அது போதும், வாங்காமல் விட அது காரணமல்ல. லீவரை எல்4 (மெதுவான, கூடிய இழுவையுள்ள ஃபோர் வீல்) இலும் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவர்கள் துருவேறி அசையாமல் கிடக்கும்.

டிபரன்சியலில் மேல் பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை விடுங்கள். ஒயில் தேனைப்போல இருந்தால் நல்லது. பால்விட்ட தேத்தண்ணிபோல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான டிபரன்சியல் வாய்க்காலிலோ வெள்ளத்திலோ இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். அப்போது மேலுள்ள பிறீதர் என்னும் காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒயிலை உடனே மாற்றினால் தப்பும், அப்படியே ஓடினால் பெயாரிங்கும் பல்லும் போகும். பிறீதருக்கு ஒரு மீற்றர் குழாய் பூட்டி இஞ்சின் பக்கமாக உயர்த்திக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மலிவான வேலை, வன்னியில் ஓடும் எல்லா ஜீப்புக்கும் வேண்டியது.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் நின்ற வாகனத்தை அடையாளம் காண சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பாதியைக் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் பாதியில் சேற்றுக்கோடு அப்படியே நிற்கும்.

வாகனத்தைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு ஒரு சின்னச் சுத்தியல் போதும். பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதியையும் பின் ஸ்பிறிங் கொழுவும் இடத்தையும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கியது பொத்தென்று கேட்கும். ஜப்பானில் ஹொக்கைடோ போன்ற பனிப்பகுதிகளில் வீதிக்கு உப்பு வகை தூவுவதால் அங்கிருந்து வந்தவை அடியில் துருவோடுதான் இறங்கின. இங்கே கொக்கிளாய், முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஓடியவற்றுக்கும் அதே கதி. அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் அது பாதுகாப்புக்கா மறைப்புக்கா என்பதைச் சுத்தியல்தான் சொல்லும்.

சேசிஸ் இலக்கத்தின்மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இஞ்சின் இலக்கமும் பொருந்தவேண்டும். புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் கிடந்தால் அதை நீக்கியபின்தான் காசு. கையெழுத்து மட்டும் வைத்த வெறும் உரிமைமாற்றப் படிவத்தை நம்பி வாங்கவேண்டாம்.

பயன்படுத்திய வாகனம் விற்கும் நிலையங்கள் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். வாங்குபவர் கேட்டால் குளிர்ந்த இஞ்சினை அவர் முன்னால் ஸ்ராட் செய்யவும், பக்கத்துச் சேர்விஸ் நிலையத்தில் உயர்த்தி அடியைப் பார்க்கவும் விடுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் ஒரு ரூபாயும் முற்பணம் வைக்கவேண்டாம் என்று வாங்குவோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.