கேக் வெட்டியது போதும், காரைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பேருந்தில் 31 வருஷம் ஓட்டிவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றவன் நான். இப்போது பொள்ளாச்சியில் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் கிடையாது. ஆனால் மாதத்துக்குப் பத்துப் பேருடைய காராவது என் கைக்கு வந்துவிடும். நார் மில் வைத்திருப்பவர், தோப்புக்காரர், டாக்டர், ஜவுளிக்கடைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களுடைய வண்டிகளில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நாளிதழில் கார் விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வருகிறது. ஆறு ஏர்பேக், மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், அது இது என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சரி, இதையெல்லாம் வாங்கினவருக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

சமீபத்தில் எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் முதல்முதலாகக் கார் வாங்கினார். டெலிவரி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஷோரூம் பெயர் வேண்டாம், நான் போன எல்லா இடத்திலும் இதே கதைதான். காரைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். துணியை விலக்கியதும் கைதட்டல், அப்புறம் கேக், அட்டையில் செய்த ஆள் உயரச் சாவியோடு போட்டோ. தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் ஆயிற்று. காரைப் பற்றிச் சொன்னது எவ்வளவு தெரியுமா? சாரின் போனை ப்ளூடூத்தில் இணைத்து ஒரு முருகன் பாட்டைப் போட்டுக் காட்டினான் ஷோரூம் பையன். ஏ.சி. சுவிட்சைக் காட்டினான். அவ்வளவுதான்.

"தம்பி, ஹெட்ரெஸ்ட் எப்படி ஏத்தி இறக்கறது, ஜாக்கி எங்க இருக்குதுன்னு ஐயாவுக்குக் காட்டிருங்க" என்றேன்.

"அதெல்லாம் யூடியூப்லயே இருக்குதுங்ண்ணா" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு முகூர்த்த நாள், பட்டுத்துணி போர்த்திய கார்கள் இன்னும் நாலு வரிசையில் நின்றன. டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு தடிப் புத்தகம் பாலித்தீன் உறையோடு கிடந்தது. முழுக்க ஆங்கிலம். வாத்தியார் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவார். அதே காரை வாங்குகிற தோப்புக்காரர் என்ன செய்வார்? நான் ஓட்டும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் புத்தகத்தின் உறை பிரிக்கப்பட்டதே இல்லை.

ஊரைச் சொல்வதற்கு முன்னால் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டிய பழைய பேருந்துகளில் ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் கட்டிக்கொள்வதைத் தடுக்கும் கருவி, கிடையாது. ஈர ரோட்டில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும், ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் கட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். 2019-ல் ஒருவருடைய புதுக் காரை உடுமலை ரோட்டில் ஓட்டிப் போகிறேன், நல்ல மழை. தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் திடீரென்று நின்றுவிட்டது. ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து, பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டேன். அப்புறம் மறுபடியும் மிதித்து, வண்டி நின்றபோது டிரெய்லருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். மட்டை வாசம் காருக்குள்ளேயே வந்தது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவன் சிரிக்கிறான். "ஒண்ணும் உடையலீங்ண்ணா, ஏபிஎஸ் வேலை செய்யறப்ப அப்படித்தான் உதறும்." சக்கரம் கட்டிக்கொள்ளப் போகிறது என்று சென்சார் சொன்னவுடன், அந்தச் சக்கரத்தின் பிரேக்கை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டு விட்டு அதுவே பிடிக்கிறதாம். நான் காலால் செய்த வேலையைத்தான் அது செய்கிறது, என்னைவிட வேகமாக. நான் செய்ய வேண்டியது, மிதித்த காலை எடுக்காமல் இருப்பதும் ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுவதும்தான். சக்கரம் கட்டாமல் இருப்பதால்தான் வண்டி திரும்பும். ஜல்லியிலும் மணலிலும் மட்டும் ஏபிஎஸ் இருந்தால்கூட நிற்கிற தூரம் கூடலாம். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் ஏபிஎஸ் கட்டாயம். பெடல் உதறும் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்?

வால்பாறை விஷயம் இதைவிட மோசம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. எங்கள் காலத்து டிரைவர்கள் சொல்வது ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இப்போது பாதிப் பேர் வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் கார். ஏறும்போது அதுவே கியர் மாற்றிக்கொள்கிறது, இறங்கும்போதும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்தோடு போயிருந்தேன். இறங்கும்போது "நான் ஓட்டறேனுங்கண்ணா" என்று பையன் உட்கார்ந்தான். காரை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது, அவன்தான் ஓட்டுகிறான் என்பதால் நானும் விட்டுவிட்டேன். கியர் லிவர் சாதாரணமாக ஓட்டும் 'டி'யிலேயே இருக்கிறது, வளைவுக்கு வளைவு பிரேக்கில்தான் கால். பாதி மலை இறங்குவதற்குள் கருகல் வாசனை. பின்னால் இருந்த அம்மா, "எங்கியோ எஸ்டேட்ல குப்பை எரிக்கறாங்களாட்ட இருக்குது" என்றார். எனக்கு அந்த வாசனை தெரியும். பெடல் மெத்து மெத்தென்று உள்ளே போகிறது என்று பையன் சொன்னபோது என் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிரேக் ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படித்தான் போகும். ஆவி அழுந்திவிடும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. லிவரைப் பக்கவாட்டில் 'எம்' பக்கம், அதாவது நாமே கியர் மாற்றும் பக்கம் தள்ளி, கியர் குறைய மைனஸ் குறிப் பக்கம் ஒவ்வொரு தட்டாகத் தட்டச் சொன்னேன். இன்ஜின் ஊ என்று கத்தி வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்தோம். சக்கரத்திலிருந்து புகை. அவன் அப்பா தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். கையைப் பிடித்துத் தடுத்தேன், பழுத்த டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வரையாடு வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை.

அந்தப் பையன் 'எம்' என்பதை ரேஸ் ஓட்டுபவர்களுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான். சில காரில் அது 'எல்', சில காரில் 'எஸ்'. எந்தக் காரில் என்ன எழுத்து, இறக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று காட்ட இரண்டு நிமிஷம் போதும்.

இன்னும் சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். இப்போதைய இன்ஜின்களில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட எண்ணெய் குடிக்கிறது. இன்ஜினையே அணைத்துவிடுகிற மகானுபாவர்களும் உண்டு. இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும். மலையில் மஞ்சு இறங்கினால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுவது இன்னொரு வியாதி. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாய் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அது நின்றுபோன வண்டிக்கு உள்ள விளக்கு.

பெல்ட்டுக்கு வருகிறேன். எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் ஒருவர் காரில், பக்கிள் ஓட்டையில் ஒரு இரும்பு நாக்கு மட்டும் செருகியிருக்கும். பெல்ட் போடாவிட்டால் கத்துகிற சத்தத்தை நிறுத்துவதற்கு. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, அந்தக் கிளிப்பை எடுக்கச் சொன்னது. இவர் அதற்கு முன்பே வாங்கிவிட்டார். "ஏர்பேக் ஆறு இருக்குதே, பெல்ட் எதுக்கு?" என்பது அவர் வாதம்.

ஏர்பேக் தலையணை இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் முகத்தை நோக்கி விரிகிற பை. பெல்ட் உடம்பைப் பிடித்து வைத்திருந்தால், பை விரிந்து முடித்த பிறகு தலை அதில் போய்ச் சாயும். பெல்ட் இல்லையென்றால் உடம்பு முன்னால் பாய்ந்து, விரிந்துகொண்டிருக்கும் பையிலேயே மோதும். ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் 25 சென்டிமீட்டராவது, அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான். டேஷ்போர்டு மேல் காலைப் போட்டுக்கொண்டு வரும் இளவட்டங்களை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும். நட்சத்திரம் கொடுக்கிறார்களே, அந்தச் சோதனையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் காரைக் கொண்டுபோய் மோதவிடும்போது உள்ளே இருக்கும் பொம்மைகள் எல்லாம் பெல்ட் போட்டிருக்கும். கிளிப் செருகின காருக்கு யாரும் நட்சத்திரம் தரவில்லை.

பின்சீட்டு ஆட்களிடம் பெல்ட் என்றால், "போலீஸ் பின்னாடி பாக்க மாட்டாங்க" என்கிறார்கள். பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம்தான், 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிராவில் பால்கர் பக்கத்தில் பாலத்துச் சுவரில் மோதிய காரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை, இருவருமே போய்விட்டார்கள். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். விலை உயர்ந்த ஜெர்மன் கார் அது.

குழந்தை விஷயத்தில்தான் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. முன்சீட்டில் அம்மா, மடியில் பிள்ளை, இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட். அன்பாகத்தான் செய்கிறார்கள். மோதினால் அம்மாவின் முழு எடையும் பிள்ளை மேல்தான் விழும், எதிரே ஏர்பேக் வேறு. பின்சீட்டில் தனி இருக்கை போட்டுக் கட்டுங்கள் என்றால், "அழுகுதுங்கண்ணா" என்கிறார்கள். அழட்டுமே. பின்சீட்டு இடுக்கில் ஐசோஃபிக்ஸ் என்று இரண்டு இரும்பு வளையம் இருக்கும், குழந்தை இருக்கையை மாட்டத்தான். நான் கேட்டவரையில், தன் காரில் அது இருப்பது ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. ஒருவர் அந்த இடுக்கையும் சேர்த்து மூடி சீட் கவர் தைத்து வைத்திருந்தார்.

வாத்தியாரின் காருக்குத் திரும்புகிறேன். மறுநாள் அவரையும் அவர் வீட்டம்மாவையும் ஊருக்கு வெளியே ஒரு காலி லேஅவுட்டுக்குக் கூட்டிப்போனேன். முதலில் உட்காருவது. சார் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்ந்து படுத்தமாதிரி உட்கார்ந்திருந்தார், நிமிர்த்தினேன். ஹெட்ரெஸ்ட் கழுத்துக்கு இருந்தது, தலையின் உச்சி அளவுக்கு ஏற்றினேன். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் லிவரை இழுத்தால் அது ஏறி இறங்கும் என்று தெரிந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சாவி போட்டதும் எரிகிற விளக்குகளைக் காட்டினேன். சிவப்பு அணையாமல் நின்றால் ஓரம் கட்ட வேண்டும், மஞ்சள் நின்றால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஏர்பேக் விளக்கு சில நொடியில் அணையாவிட்டால் விபத்தில் பை விரியாமல் போகலாம். (அந்த விளக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கும் ஒரு கனவானையும் எனக்குத் தெரியும்.) வேகம் 80-ஐத் தாண்டினால் நிமிஷத்துக்கு ஒரு தடவை எச்சரிக்கை ஒலி வரும், 120-க்கு மேல் நிற்காது. அந்த ஒயரை வெட்ட முடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சார் கேட்கவில்லை.

அம்மா ஒரு பிள்ளையார் சிலை கொண்டுவந்திருந்தார். இடதுபக்க டேஷ்போர்டில், ஏர்பேக் என்று எழுத்துப் பதிந்திருக்கும் மூடி மேல் பசை போட்டு ஒட்ட வேண்டுமாம். "அம்மா, பை விரிஞ்சா பிள்ளையார்தான் மொதல்ல மூஞ்சிக்கு வருவாரு" என்றேன். கொஞ்சம் முறைத்தார். அப்புறம் நடுவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் படத்தோடு ஒப்புக்கொண்டார்.

கடைசியாக மண் தரையில் 40-ல் போகச் சொல்லி, முழுசாக பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பெடல் உதறியது, சார் பயந்துபோய்க் காலை எடுத்தார், என்னைப் போலவே. நாலாவது தடவை எடுக்கவில்லை, அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார். மொத்தமும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஜாக்கி டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த ஒன்றரை மணி நேரத்தை டெலிவரி நாளிலோ, அது முகூர்த்த நாளாக இருந்தால் வேறொரு நாளிலோ ஷோரூம்காரர்கள் கொடுக்க வேண்டும். புத்தகத்தைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், இது பெரிய செலவா? நீங்களும் விளம்பரப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வாரம் ஒரு சின்னக் கட்டத்தில் ஒவ்வொரு விஷயமாகப் போடலாம். படம் வேண்டுமென்றால் வாத்தியார் தன் காரில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

என் பெயரை வெளியிட வேண்டாம். கிளிப் செருகி வைத்திருப்பவர் உங்கள் சந்தாதாரர், வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குத்தான் வண்டி ஓட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
பொள்ளாச்சி.