நம் பெங்களூர் கால்பந்து ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2025-26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, தீர்மானமும் நன்றியும்தான் இருந்தன என்று சிலர் குறைப்பட்டீர்கள். அதனால் சம்பிரதாயப் பகுதியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. சில மாதங்களில் போதிய ஆள் (கோரம்) சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. சந்தா கட்டாதவர்கள் பட்டியல் அறைக்கதவில் ஒட்டியிருக்கிறது. என் சித்தப்பா பெயரும் அதில் இருப்பதால் பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

நம் அணி இந்த வருடமும் ஊர் லீக்கின் பி டிவிஷனிலேயே இருக்கிறது. மேலே ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. லீக் தொடங்கியபோது நன்றாக ஆடினோம். நடுவில் வரிசையாகத் தோற்றோம். கடைசி ஆட்டங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிராவும் வெற்றியுமாகச் சேர்த்துத் தப்பித்தோம். ஏ டிவிஷனுக்குப் போய்விடுவோம் என்று ஆகஸ்டிலேயே போஸ்டர் அடித்தவர் யார் என்று சபைக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

எல்லோரும் மறக்க நினைக்கிற அந்த ஆட்டத்தை அறிக்கையில் சேர்க்காமல் இருக்க முடியாது. அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியம், வேலைநாள் மதியம். நாம் 1-0 முன்னிலை, முடிய சில நிமிடங்கள்தான் பாக்கி. நம் கோலி (கோல்கீப்பர்) பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு கிராஸை அழகாகப் பிடித்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே படுத்தான், நிதானமாக எழுந்தான், எல்லோரும் முன்னே போங்கள் என்று கை காட்டினான். நேரம் கடத்துவது நமக்குத் தெரியாத வித்தையா? அப்போது ரெஃபரி கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். கேலரியில் இருந்த நம் ஆட்கள், "அஞ்சு நிமிஷம் எக்ஸ்ட்ராவா? எந்த ஊர் நியாயம்?" என்று கத்த ஆரம்பித்தார்கள். விரல் நாலானது, மூன்றானது. அப்போதும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கடைசி விரலும் மடங்கியது, விசில் ஊதினார், எதிரணிக்குக் கார்னர்.

2025 ஜூலை 1 முதல் வந்த விதி இது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை ரெஃபரி கையை உயர்த்தி எண்ணிக் காட்ட வேண்டும். முன்பு ஆறு விநாடி, மீறினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரே கோல் போட முடியாத உதை) என்று இருந்தது. எந்த ரெஃபரியும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாததால்தான் விதியையே மாற்றினார்கள். அந்தக் கார்னரில், நடுவில் தடுத்து ஆடும் நம் ஸ்டாப்பரின் முதுகுக்குப் பின்னால் நின்ற பையன் தலையால் தட்டி உள்ளே போட்டான். 1-1. இரண்டு பாயின்ட் போனது.

அன்று இரவு சங்க அறையில் நடந்ததைக் கூட்டம் என்று எழுத மனம் வரவில்லை, அது பஞ்சாயத்து. கோலியைத் திட்டுவதில் ஆரம்பித்து, கோச் போட்ட 4-2-3-1 என்ற ஆட்டக்காரர் வரிசை (ஃபார்மேஷன்) சரியா என்பதில் போய் நின்றது. மூத்தவர்கள் ஒரு பக்கம்: பந்து பின்னால் வந்தால் தூக்கி அடி, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். இளைஞர்கள் மறுபக்கம்: கோலியிடமிருந்தே சின்னச் சின்னப் பாஸாகக் கொண்டுவர வேண்டும், உலகமே அப்படித்தான் ஆடுகிறது. நள்ளிரவில் அறையின் சொந்தக்காரர் வந்து விளக்கை அணைத்ததால் வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடந்திருந்தால் நம் சங்கம் இரண்டாகியிருக்கும்.

இதில் செயலாளரின் கருத்தையும் பதிவு செய்கிறேன். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் இஷ்டம்.

கோல் முன்னாலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கோல் கிக்கில் பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேரும் என்பது பழைய விதி. 2019 ஜூன் முதல் அது இல்லை. கோலி பக்கத்தில் நிற்கிற ஸ்டாப்பரிடமே தட்டிவிடலாம். டிவியில் பெரிய அணிகள் இப்படி ஆடுவது எதிரணியை மேலே வரவைத்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் விழுகிற இடத்தில் ஓடுவதற்காக. நம் பையன்கள் பாஸ் என்ற பாதியை மட்டும் செய்தார்கள், ஓட்டத்தை மறந்துவிட்டார்கள். எதிரணியின் அகாடமிப் பிள்ளைகள் மூன்று பேராக வந்து மறித்ததும், பந்து கோலிக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் பி.பி. ஏறியது.

அதற்காகத் தூக்கி அடிப்பதும் நமக்குச் சரிப்பட்டு வராது. நம் பிள்ளைகள் எங்கே ஆடி வளர்ந்தார்கள் என்று பாருங்கள். கௌதமபுரத்துச் சந்துகளிலும் சின்ன கிரவுண்டிலும் ஐந்துக்கு ஐந்து ஆடியவர்கள். பந்து காலில் ஒட்டும், திரும்பக் கொஞ்சம் இடம் கிடைத்தால் இரண்டு பேரை ஏமாற்றுவார்கள். ஆனால் நாற்பது கஜத்திலிருந்து உயரமாக வருகிற பந்து எங்கே விழும் என்று கணிக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஹெடிங்கும் அப்படியே. முன்னால் நின்று கோல் போட வேண்டிய நம் ஒன்பதாம் நம்பரின் உயரத்தை வைத்துக்கொண்டு லாங் பால் ஆடச் சொல்வது அவன் மேல் நமக்கு ஏதோ பழைய கோபம் இருப்பதைத்தான் காட்டுகிறது. நடு வரிசையில் ஒருவரைக் கூட்டி, சின்னப் பாஸாகவே ஆடி, ஓரமாக விங்கில் ரைட் பேக்கை (வலப்பக்கத் தடுப்பாளரை) ஏறவிட்டால் போதும். கடைசி ஆட்டங்களில் கோச் செய்ததும் இதைத்தான், நாம் சொல்லி அல்ல.

பழம்பெருமை பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய பஞ்சாயத்தில், வெறுங்காலோடு ஆடியவர்கள் நம் ஊர்க்காரர்கள், நமக்கா ஃபார்மேஷன் சொல்லித் தருவது என்று ஒரு பெரியவர் எழுந்தார். உண்மைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல், மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் போட்டது. 1952 ஹெல்சின்கியில் நம் ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர் அகமது கான். ஆனால் அந்த ஒரு கோலைச் சொல்கிறவர்கள் யுகோஸ்லாவியா போட்ட பத்து கோலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்திய ஆட்டக்காரர்களுக்கு பூட் கட்டாயமானது. கூடவே 1948-ல் நாம் இரண்டு பெனால்டியை விட்டதும் உண்டு. பெனால்டி விட்ட நம் பதினோராம் நம்பரை மாதக்கணக்கில் வறுத்தெடுத்தவர்கள் அதை நினைவில் வைக்கவும்.

அதே கூட்டத்தில் இன்னொருவர் அந்தக் கால இந்திய அணி கோச் சையது அப்துல் ரஹீமை இழுத்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அடிபட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை ரஹீம் ஃபார்வர்டாக நிறுத்தினார், அவர் ஃபைனலில் கோல் போட்டார், தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம். ஆகவே நம் ஸ்டாப்பரையும் முன்னே அனுப்ப வேண்டுமாம். ஜர்னைல் சிங் வேறு, நம் தம்பி வேறு என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

உண்மையில் ஃபார்மேஷனைவிடப் பெரிய விஷயத்தை நம் துணைச் செயலாளரின் நோட்டுதான் காட்டிக் கொடுத்தது. அவர் கேலரியில் கத்துவதில்லை, எழுதுவார். நாம் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் கடைசி கால் மணி நேரத்தில் வந்தவை. முதல் பாதியில் நாம் யாருக்கும் சளைத்த அணி இல்லை. அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்று விதி இருந்தும், பெஞ்சில் பல நாள் ஐந்து பேரே இருக்கவில்லை.

ஏன் என்று விசாரித்தோம். ஆட்டம் மதியம். நம் லெஃப்ட் பேக் காலை வரை ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட். நடு வரிசைப் பையன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஊருக்கெல்லாம் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு கிரவுண்டுக்கு வருவான். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவன் அரை நாள் பர்மிஷன் கேட்டு, டிராஃபிக்கில் மாட்டி, வார்ம் அப் முடிகிற நேரத்தில் பூட் கட்டுகிறான். இன்னொருவன் கேட் பக்கத்தில் பரோட்டாவையும் சால்னாவையும் ஒரு கை பார்த்துவிட்டு நேரே இறங்குகிறான். செயற்கைப் புல் வெயிலில் கொதிக்கும், உள்ளங்கால் வெந்துபோகும். இந்த நிலையில் 4-2-3-1 ஆனால் என்ன, 4-4-2 ஆனால் என்ன?

அதனால் லீக்கின் பிற்பாதியில் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. பேனருக்கும் பட்டாசுக்கும் ஒதுக்கிய பணத்தைச் சாப்பாட்டுக்கு மாற்றினோம். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி அல்லது சித்ரான்னம், அப்புறம் வாழைப்பழம். இடைவேளையில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. ராணுவக் கேன்டீனில் சமைத்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பொறுப்பேற்றார். யார் எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாவது கரண்டி கிடையாது என்பதில் அவர் கண்டிப்பு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆட்டோ காசும் கொடுத்தோம். அதற்குப் பிறகு கடைசி நிமிட கோல்கள் குறைந்தன. சித்ரான்னத்தால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, கோச் பயிற்சியையும் மாற்றினார். ஆனால் உட்காரும் கால்கள் குறைந்ததை எல்லோரும் பார்த்தோம்.

இனி ஒன்பதாம் நம்பர். அவன் லீக்கில் தூங்குகிறான், ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஏழு பேராகக் காசுக்கு ஆடும் செவன்ஸில் மட்டும் கோல் மழை பொழிகிறான் என்பது புகார். செவன்ஸுக்குத் தடை போட வேண்டும் என்று மனுவும் வந்தது. நான் இதை எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். ஒரு காலத்தில் இந்த ஊரில் நன்றாக ஆடுகிறவனுக்கு ஐ.டி.ஐ. (தொலைபேசி), எச்.ஏ.எல். (விமானம்) மாதிரிப் பொதுத்துறை நிறுவனங்கள் வேலை கொடுத்தன. நாட்டுக் கிளப் அணிகள் மோதிய முதல் ஃபெடரேஷன் கப்பை 1977-ல் மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்து வாங்கியதே ஐ.டி.ஐ.தான். சம்பளமும் ஆட்டமும் ஒரே இடத்தில் கிடைத்தன. இன்று அந்தப் பையனுக்கு செவன்ஸ் காசுதான் தங்கையின் ஃபீஸ். அதை நிறுத்தச் சொல்ல நாம் யார்? அவனோடு உட்கார்ந்து பேசினோம். லீக் ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள் செவன்ஸ் ஆடுவதில்லை என்று ஒப்புக்கொண்டான், பெரும்பாலும் காப்பாற்றவும் செய்தான்.

டீக்கடையில் அடிக்கடி கேட்ட பேச்சு, இதையெல்லாம் ஆடி எங்கே போகப் போகிறார்கள் என்பது. 2025 ஜூலையில் நாட்டின் மேல்மட்ட லீக்கான ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டபோது அது இன்னும் பலமாகக் கேட்டது. மேல்மட்டத்திலேயே சம்பளம் நின்றால் நம் பசங்க கதி என்ன என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 வருடத்துக்குப் பிறகு கர்நாடகம் மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராஃபியை வாங்கியதை நினைவுபடுத்தினேன். ஒரு அம்மா, "கப்பு சரிங்க, வேலை கிடைச்சுதா?" என்றார்.

கேலரி ஒழுக்கம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஆட்டத்தில் நம் ரைட் பேக்கின் காலில் பந்து. கோச் கன்னடத்தில் "உள்ளே கொடு" என்கிறார். கேலரியிலிருந்து தமிழில் "தூக்கி அடிடா", உருதுவில் "மார்", பின்வரிசையிலிருந்து கன்னடத்தில் "ஹொடி, ஹொடி", எல்லாமே அடி என்றுதான். பையன் கோச்சைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான், அதற்குள் பந்து போய்விட்டது. அவன் அப்பாவும் கத்தியவர்களில் ஒருவர் என்பதால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கைதட்டுங்கள், தப்பட்டை அடியுங்கள், ரெஃபரியைக்கூட அளவோடு திட்டுங்கள். கோச்சிங் மட்டும் கோச்சுக்கு விடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கான சனிக்கிழமைப் பயிற்சி நல்லபடியாக நடக்கிறது. பூட் பற்றாக்குறை. அளவு சிறிதாகிப்போன பூட் வீட்டில் இருந்தால் கழுவிக் கொடுக்கவும், கழுவி என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

2026 ஜூன் 11-ல் உலகக் கோப்பை தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடப்பதால் பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவும் விடியற்காலையும். இந்த முறை 48 அணிகள். நம் கௌதமபுரத்துப் பெலே சிலைப் பக்கம் திரை கட்ட அனுமதி கேட்டு எழுத வேண்டும். பக்கத்து வீடுகளில் பரீட்சை எழுதுகிறவர்களும் கைக்குழந்தைகளும் இருப்பதால் இரவில் ஸ்பீக்கர் கிடையாது. பிரேசில் கொடி, அர்ஜென்டினா கொடி எது உயரம் என்ற விவகாரத்துக்குத் தனிக் குழு போட்டிருக்கிறோம். அந்தக் குழுவும் இதுவரை இரண்டாகத்தான் இருக்கிறது.

சபையின் முன் மூன்று தீர்மானங்கள். சாப்பாட்டுச் செலவை அடுத்த லீக் முழுவதற்கும் நீட்டிப்பது. லீக்குக்கு முந்தைய இரண்டு நாள் செவன்ஸ் வேண்டாம் என்ற ஏற்பாட்டை எல்லா ஆட்டக்காரர்களிடமும் பேசுவது. புதிய விதிகளை லீக் தொடங்கும் முன் ஒரு ரெஃபரியை அழைத்து ஆட்டக்காரர்களுக்கும் கேலரிக்கும் விளக்கச் சொல்வது. முதல் தீர்மானத்துக்கு மட்டும் பேனர் குழுவிலிருந்து எழுத்துமூலம் எதிர்ப்பு வந்திருக்கிறது. பேனர் இல்லாத அணியை எதிரணி மதிக்காது என்பது அவர்கள் வாதம். விவாதம் கணக்குக்குப் பிறகு. பொருளாளர் மேடைக்கு வரவும். சித்ரான்னக் கணக்கு நாலாம் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்