அவனா, அவரா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி பெரும் நிம்மதியைத் தந்தது. ஆனால் நான் பரிந்துரைத்த ‘வுல்ஃப் ஹால்’ நாவலை நூறு பக்கங்களோடு மூடிவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே பெயர், ‘அவன்’ என்பது யாரென்று விளங்கவில்லை, தாமஸ் மோரை மோசமாகக் காட்டுகிறது என்று மூன்று குறைகளும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாட்களாக எனக்கு அதே நினைவு.

உங்களைப் போலவே பாதியில் நிறுத்தியவர்கள் என் நண்பர்களிலும் சிலர் உண்டு. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சராக உயர்ந்த தாமஸ் குரோம்வெல்லின் கதையைச் சொல்லும் ஹிலாரி மாண்டெலின் அந்த நாவல் 2009-இல் புக்கர் பரிசு பெற்றது, அதன் அடுத்த பாகமும் 2012-இல் அதே பரிசைப் பெற்றது என்று சொல்லச் சொல்ல அவர்களுடைய எரிச்சல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. பரிசு பெற்றதாலேயே ஒரு நூல் எவருக்கும் பிடித்துவிடாது.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குரோம்வெல், மோர், கார்டினல் வுல்சி, கிரான்மர், நார்ஃபோக் கோமகன், கவிஞர் வயட் என அத்தனை பேரும் தாமஸ் என்றால் அது எட்டாம் ஹென்றியின் காலம் அப்படி. நாவலாசிரியர் மாற்றக்கூடியது அல்ல. நூலின் முன்பக்கங்களில் இருக்கும் கதாபாத்திரப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொண்டால் விரைவில் பழகிவிடும்.

ஆனால் ‘அவன்’ என்ற சொல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. யார் பேசினார், யார் திரும்பிப் பார்த்தார் என்றே விளங்கவில்லை என்கிறீர்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் வந்தாலும் அந்தச் சொல் பெரும்பாலும் குரோம்வெல்லையே குறிக்கிறது. இரண்டாம் பாகத்தில் பல இடங்களில் ‘அவன், குரோம்வெல்’ என்று பெயரையும் சேர்த்தே எழுதுகிறார் என்பதைப் பார்த்தால், இந்தக் குறை ஆசிரியரின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இருந்தும் எனக்கு முதல் பாகத்தின் முறைதான் பிடித்திருக்கிறது. ஒருவன் தன்னைப் பற்றி எண்ணும்போது தன் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை. ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின் 1536 மே மாதத்தில் கொல்லப்படுவார் என்பது நமக்குத் தெரியும், குரோம்வெல்லுக்குத் தெரியாது. நிகழ்காலத்தில் செல்லும் நடையும் பெயரில்லாத அந்தச் சொல்லும் சேர்ந்து நம்மை அந்த அறியாமைக்குள் உட்காரவைக்கின்றன.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று படிக்கும்போதே எண்ணிக்கொண்டிருந்தேன். தந்தையின் உதை பட்டுப் புட்னியில் கல்தரையில் விழுந்து கிடக்கும் கொல்லன் மகனை ‘அவன்’ என்போம். அதே ஆள் வுல்சியின் வழக்கறிஞராகி, அரசரின் செயலாளராகி, சட்டங்களையே வரையும் நிலைக்கு உயர்ந்த பிறகு ‘அவர்’ என்றாக வேண்டும். எந்தப் பக்கத்தில் மாற்றுவது? வாயளவில் மரியாதை காட்டும் நார்ஃபோக்கின் மனத்தில் கடைசிவரை அவர் ‘அவன்’தான். 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபுவாக உயர்த்தப்பட்டவரை இரண்டே மாதங்களில் கைது செய்தபோது, அவர் அணிந்திருந்த விருதுச் சின்னத்தை நார்ஃபோக்கே பிடுங்கினார். அதற்கடுத்த மாதம் தலை வெட்டப்பட்டது. உங்களைத் தடுமாறவைத்த அந்த ஒரு சொல்லுக்குள் இந்த ஏற்றமும் இறக்கமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தாமஸ் மோரைப் பற்றிய உங்கள் வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. 1935-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஒருவர், மனச்சாட்சிக்காக உயிரைக் கொடுத்தவர், இங்கே மனைவியைப் பிறர் முன்னிலையில் ஏளனம் செய்பவராகவும் மாற்று நம்பிக்கையாளர்களை விரட்டிப் பிடிப்பவராகவும் வருகிறார். அவர் லார்ட் சான்சலர் என்ற உயர் பதவியில் இருந்த 1529 முதல் 1532 வரையிலான ஆண்டுகளில் சிலர் உயிரோடு எரிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கைதிகளை அடித்துத் துன்புறுத்தியதாகச் சொல்லப்பட்டதை அவரே எழுத்தில் மறுத்திருக்கிறார். அந்த மறுப்புக்கு நாவலில் இன்னும் சிறிது இடம் கொடுத்திருக்கலாம். குரோம்வெல்லோ குழந்தைகளிடமும் நாய்க்குட்டிகளிடமும் அத்தனை கனிவாக இருக்கிறார். அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்கும் உறுதிமொழி எடுக்க மறுத்த கார்தூசிய சபைத் துறவிகள் 1535-இல் கொடூரமாகக் கொல்லப்பட்டதில் அவருக்கிருந்த பங்கை நாவல் மறைக்கவில்லை என்றாலும் அங்கே நெடுநேரம் நிற்பதும் இல்லை.

எனினும் அவரை வெள்ளையடிக்கும் நூல் இது என்று சொல்லிவிடாதீர்கள். ஹோல்பைன் தீட்டிய தன் ஓவியத்தைப் பார்க்கும் குரோம்வெல், தான் கொலைகாரனைப் போலத் தோன்றுவதை நினைத்துத் திகைக்கிறார்; அது இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பவர் அவருடைய சொந்த மகன். அதே ஓவியர் தீட்டிய மோரின் படமும் இந்தப் படமும் இன்று நியூயார்க்கின் ஃபிரிக் கலைக்கூடத்தில் ஒரே கணப்பின் இருபுறமும் தொங்குகின்றன.

விட்ட இடத்திலிருந்து தொடருங்கள் என்று கேட்கமாட்டேன். கடைசிப் பகுதியை மட்டும் எடுத்து, லண்டன் கோபுரச் சிறையில் மோரும் குரோம்வெல்லும் எதிரெதிரே அமர்ந்து பேசும் பக்கங்களை ஒருமுறை படியுங்கள். உறுதிமொழிக்கு மோரிடம் கையொப்பம் வாங்க குரோம்வெல் மன்றாடுகிறாரா மிரட்டுகிறாரா என்பதை நான் இரண்டு முறை படித்தும் தீர்மானிக்க முடியவில்லை. உங்களுக்கு எப்படிப் படுகிறது என்பதையும், அந்தப் பக்கங்களில் அவரை ‘அவன்’ என்பீர்களா ‘அவர்’ என்பீர்களா என்பதையும் எழுதுங்கள்.

கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, மெதுவாகவே படியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்