பிஸ்கட் டப்பாவில் நூல்கண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் கோடைக்காலப் பயிற்சி விளம்பரங்களில் 'பழகும் திறன்' வகுப்பும் தலைகாட்டுகிறது. அங்கே பெரும்பாலும் சொல்லித்தருவது வணக்கம், நன்றி, சாரி. சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் எதிரில் நிற்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஊகிக்கப் பழகாத பிள்ளைக்கு 'சாரி' என்பது அடியிலிருந்து தப்பிக்கிற மந்திரம், அவ்வளவுதான். அந்த ஊகத்தைப் பழக்க வீட்டு அலமாரியே போதும்.

நம் வீட்டு பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட்டா இருக்கிறது? ஊசியும் நூல்கண்டும்தானே. ஊசியை எடுத்துவிட்டு, மூடிய டப்பாவைக் காட்டி உள்ளே என்ன என்று பிள்ளையிடம் கேளுங்கள். "பிஸ்கட்" என்று பதில் வரும். திறந்து நூல்கண்டைக் காட்டி மறுபடி மூடுங்கள். பிறகு, "தாத்தா இதைத் திறந்தே பார்க்கலை. உள்ளே என்ன இருக்குன்னு அவர் நினைப்பார்?" மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "நூல்" என்றே சொல்லும். தனக்குத் தெரிந்தது தாத்தாவுக்கும் தெரியும் என்பது அதன் கணக்கு. நாலு, ஐந்து வயதில் "பிஸ்கட்னு நினைப்பார்" என்று கள்ளச் சிரிப்போடு வரும். 1987இல் உளவியலாளர் பெர்னர் குழுவினர் மிட்டாய் டப்பாவில் பென்சிலை வைத்துச் செய்த சோதனைதான் இது.

கெடுவது இதற்குப் பிறகு. "நூல்" என்றதும் "தப்பு, பிஸ்கட்னு சொல்லு" என்று திருத்தினால் பிள்ளை விடையை மனப்பாடம் செய்துகொள்ளும். திருத்தாமல் தாத்தாவையே கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் ஏமாறுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கட்டும். மறுநாள் அதே டப்பா வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, செருப்புப் பெட்டியில் கலர் பென்சில் என்று மாற்றுங்கள்.

இதிலும் ஒரு வரிசை உண்டு. 2004இல் உளவியலாளர்கள் வெல்மனும் லியூவும் பிள்ளைகளைச் சோதித்துக் கண்டது: பாட்டிக்குப் பாகற்காய் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது என்பது முதலில் பிடிபடும், பிறகு ஒரே விஷயத்தை இருவர் வேறு வேறாக நினைக்கலாம் என்பது, பிறகு பார்க்காதவருக்குத் தெரியாது என்பது, பிறகுதான் இந்த டப்பா. உள்ளே அழுகையை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்கலாம் என்பது கடைசி. நாம் என்னவோ மூன்று வயதுப் பிள்ளையிடம், "வெளியே சொல்லலைன்னாலும் அவ மனசு என்ன பாடுபடும்?" என்று கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம்.

தமிழ் இதற்கு நல்ல வசதி செய்து வைத்திருக்கிறது. "இன்னைக்கு லீவுன்னு நினைச்சுட்டேன்" என்றாலே, லீவு இல்லை என்பது புரிந்துவிடும். இந்த 'நினைச்சுட்டேன்', 'நினைச்சுட்டாங்க' பிள்ளையின் காதில் விழ வேண்டும். "பால்காரர் நாம ஊருக்குப் போயிட்டோம்னு நினைச்சுட்டார், அதான் பால் போடலை" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

சண்டை நடக்கும்போது பாடம் எடுக்காதீர்கள். அழுகை அடங்க விடுங்கள், பத்து நிமிடமாவது. பிறகு ஒரு தாளில் இரண்டு குச்சி மனிதர்கள். வாயருகே பேச்சுக்கு ஒரு குமிழி, தலைக்கு மேல் நினைப்புக்கு ஒன்று. உங்கள் பிள்ளை சொன்னதையும் நினைத்ததையும் முதலில் எழுதுங்கள். சண்டை போட்ட மற்றவனின் நினைப்புக் குமிழியை உங்கள் பிள்ளையே நிரப்பட்டும். "அவன் ஒரு திமிரு" என்று எழுதினாலும் அழிக்காதீர்கள். "வேற என்ன நினைச்சிருப்பான்?" என்று இன்னொரு குமிழி போடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்க ஆசிரியர் கரோல் கிரே வகுத்த முறை இது; எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்துவது மட்டும் வேண்டாம். பலருக்கு அது வேதனை. கண்ணைப் பார்க்கிற முயற்சியிலேயே காதில் விழுவது தப்பிப்போகும். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்வதில் மட்டுமல்ல, அவர்களை நாம் புரிந்துகொள்வதிலும் ஓட்டை உண்டு என்று ஆட்டிசம் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இலேயே எழுதிவிட்டார். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பயிற்சி தர வேண்டும்.

உங்கள் சிறுவர் இணைப்பில் ஆறு வித்தியாசங்களுக்குப் பக்கத்தில் வாரம் ஒரு படக்கதை போடலாம். கடைசிக் கட்டத்தில் ஒருவரின் நினைப்புக் குமிழி காலியாக இருக்கட்டும். பென்சிலால் எழுத இடம் வேண்டும், கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருவர்,
தஞ்சாவூர்.