ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

நேற்று மாலை கச்சேரி நல்லபடியாக நடந்துவிட்டது. இசை எழுத என்னிடம் கற்கும் ஏழு பிள்ளைகள் எழுதியதை, இரண்டு வயலின், சற்றுப் பெரிய வயலினான வியோலா, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய செல்லோ என நாலு பேர் மேடையில் வாசிக்க, எழுதிய பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. வகுப்பறைக்குள் தண்ணீர் வந்ததையும், அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த சோதனைகளையும் மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப் பேர் கூடவே நின்றவர்கள். நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு.

அன்று இரவு நான் பென் டிரைவோடு போனபோது ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ஏழு படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பார்ட் (ஒரு கலைஞர் வாசிக்க வேண்டியது மட்டும் உள்ள தாள்கள்), மொத்தம் 28, விடிந்தால் ரிகர்சல் என்றேன். ஒன்றும் பேசாமல் ஷட்டரை ஏற்றினார். அச்சடித்துக் கொடுத்திருந்தாலே எனக்குப் போதும். ஆனால் முதல் செல்லோ பார்ட் வெளியே வந்ததும் அதை மேசைக் கண்ணாடிமேல் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார்.

“டீச்சர், இதை ரெண்டு கையாலயும் வாசிப்பாங்களா?”

“ஆமாண்ணா. ஒரு கையில வில்லு, இன்னொரு கை தந்தி மேல.”

“அப்ப பக்கத்தை யாரு திருப்புவா?”

அவர் விரல் ஓரிடத்தில் போய் நின்றது. ஐந்து கோடுகளுக்கு நடுவே தடிமனாக ஒரு பட்டை, அதன் தலைமேல் 8 என்ற எண். இது என்ன என்று கேட்டார். அந்த எட்டு பாரும், அதாவது எட்டு தாளச் சுற்றும், வாசிக்காமல் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றேன். “அப்ப பக்கம் இங்க முடியட்டும்” என்றார்.

அவருக்கு நொட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, தெரியாது. ஆதார் நகல், லேமினேஷன், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங், இதுதான் அவர் வேலை. அந்தத் தடித்த பட்டை ஒன்றை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு 28 பார்ட்டையும் புரட்டினார். பட்டை வருகிற இடத்தில் பக்கம் முடியும்படி தாளை வெட்டி ஒட்டினார். பட்டையே வராத இடங்களில் மூன்று தாள்களைப் பக்கவாட்டில் சேர்த்து, மடித்து விரிக்கிற மாதிரி செய்தார். விளக்கு பட்டு டேப் மின்னினால் வாசிப்பவருக்குக் கண் கூசும் என்று எல்லா டேப்பையும் பின்பக்கமே போட்டார். இதையெல்லாம் நான் கேட்கவே இல்லை.

ஒரு பார்ட் மட்டும் படுத்தியது. 13 வயது மாணவி எழுதியதில் செல்லோ தொடக்கம் முதல் கடைசிவரை ஓயாது. 21 செ.மீ. அகலமுள்ள தாள் நாலு சேர்ந்தால் 84 செ.மீ.; ஸ்டாண்டில் வைத்தால் இரண்டு ஓரமும் தொங்கும். பின்னால் சார்ட் அட்டை கொடுத்து நிமிர்த்தினார். என் கையில் தரும்போது, “இந்தப் பாப்பா எழுதினதுல அவரு கையை எடுக்கவே முடியாது போலயே, டீச்சர்” என்றார்.

காலையில் அதை அப்படியே அவளிடம் சொன்னேன். நாலு பேர் வாசிப்பதும் ஒன்றாக எழுதியிருக்கும் ஸ்கோரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், பென்சிலை எடுத்து நடுவில் செல்லோவுக்கு இரண்டு பார் ஓய்வு போட்டாள். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை வேகத்தில், நாலு எண்ணிக்கை கொண்ட இரண்டு பார் என்றால் 8 வினாடி. அந்த 8 வினாடியில், அதுவரை செல்லோவுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த இரண்டாம் வயலினின் பிட்ஸிகாட்டோ (வில் இல்லாமல் விரலால் தந்தியைச் சுண்டுவது) தனியாக மேலே வந்தது. அவளே அப்போதுதான் அதை முதல்முறையாகக் கேட்டாள். நேற்று கேட்டவர்களில் பலர் என்னிடம் சொன்னதும் அந்த இடத்தைப் பற்றித்தான்.

இன்றைக்குப் பிள்ளைகள் கணினியில்தான் எழுதுகிறார்கள். எழுதுவதை அது உடனே வாசித்தும் காட்டுகிறது. ஆனால் அதற்குக் கை வலிக்காது, பக்கம் திருப்ப வேண்டியதில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1926 முதல் 1939 வரை கற்பவர்களுக்காக 153 சிறிய பியானோப் படைப்புகள் எழுதினார். அவற்றின் முதல் இரண்டு தொகுதிகளைத் தன் மகன் பீட்டருக்கு உரித்தாக்கினார். கற்றுக்கொள்கிற விரல்கள் எதுவரை எட்டும், எங்கே தடுமாறும் என்று தெரிந்தவர் எழுதியது அது. அதே அக்கறை அன்று இரவு எங்கள் தெருமுனையில் இருந்தது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் முடித்துவிட்டு நேராக ரிகர்சலுக்கு வந்து, சம்பளப் பேச்சே எடுக்காத நாலு கலைஞர்கள். தன் வியோலாவைக் கேட்டதும் கொடுத்தவர். நாங்கள் இடமில்லாமல் நின்றபோது ஹால் கதவைத் திறந்துவிட்ட தேவாலயத்தார். நனைந்த ஸ்கோர்களை ஒவ்வொரு தாளாக மின்விசிறிக்கு அடியில் உலர்த்திய பெற்றோர்கள். செல்லோவுக்குத் தார்ப்பாய் போர்த்தி, இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக ஓட்டிவந்த ஆட்டோக்காரர். எல்லோருக்கும் தலைவணங்குகிறேன்.

கேட்க வந்தவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. சினிமாப் பாட்டும் இல்லை, சபா கச்சேரியும் இல்லை, இதெல்லாம் நம் ஊரில் யார் கேட்பார்கள் என்று என்னிடம் அடிக்கடி சொல்வார்கள். அமெரிக்கரான ஹென்றி கொவெல் ‘மெட்ராஸ்’ என்று பெயர் வைத்து எழுதிய 13-ஆவது சிம்பொனி, 1959-இல் இந்த ஊரில்தான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அன்றும் கேட்க ஆள் இருந்தார்கள். நேற்று சிலர் நின்றுகொண்டே கேட்டீர்கள்.

அடுத்த வகுப்பிலிருந்து, ஒரு படைப்பு முடிந்தது என்று பிள்ளை சொன்னால், வாசிப்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ட்டைக் கையால் புரட்டிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வேன். ஒட்டுகிற வேலையையும் அவர்களே செய்வார்கள்.

அண்ணா, டேப்புக்கும் அட்டைக்கும் நீங்கள் காசு வாங்கவில்லை. கடையை விட்டு வரமுடியாததால் நேற்று நீங்கள் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை கிடையாது என்றீர்களே, அன்று மூன்று மணிக்கு அதே ஹாலில் அந்தப் பாப்பாவின் படைப்பை உங்களுக்காக மறுபடி வாசிக்க நாலு பேரும் சம்மதித்துவிட்டார்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.