பிரெஞ்சு மாப்பிள்ளை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரிக்கு வாய்த்த வெளிநாட்டு மருமகன்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். என் மருமகன் எகிப்துக்காரர். அவரைப் போன்றவர்களையும் எழுதலாமே!

அவருக்கு ஊர் மின்யா மாகாணம். நைல் கரை, கரும்பு விளையும் பூமி. அப்பாவுக்குச் சொந்த நிலமில்லை. பள்ளி விட்டதும் மகனும் கரும்பு வெட்டப் போவாராம். அந்நாட்டில் ஆண்பிள்ளைகள் பட்டாளத்தில் சேர்ந்தே ஆக வேண்டும், ஒரே மகனுக்கு விலக்கு உண்டு. இவர் ஒரே மகன் என்பதால் 19 வயதில் பாரிஸ் போக முடிந்தது. பாரிஸை ஒட்டிய சேன் தெனியில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கிப் பெயின்டர் வேலை பார்த்தார்.

என் மகளுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. தாழ்வாரத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் ஏணியைக் குறுக்கே போட்டுவிட்டார். சக்கர நாற்காலி போக வழியில்லை. இவள் கத்தியிருக்கிறாள். அவருக்கு அரைகுறை பிரெஞ்சு, திட்டு புரியாமல் சிரித்திருக்கிறார். அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய விரதமான தவக்காலம் வந்தது. இங்கே கிறிஸ்தவர்களான நாங்கள் கறியை விடுவதோடு சரி. அவர் எகிப்தின் பழைய சபையான காப்டிக் சபைக் கிறிஸ்தவர். அவர்களுக்கு 55 நாளும் முட்டை, பால், நெய் எதுவுமே ஆகாது. வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவருக்கு இவள் நெய் விடாமல் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். "பாவம்மா" என்று போனில் சொன்ன குரலிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கல்யாணம் அங்கேயே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவாயிற்று.

ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்தான் தாங்கவில்லை. "அரபுக்காரனா? எத்தனை கட்டுவான்?" முஸ்லிமாகவே இருந்தாலும் அது அசிங்கமான கேள்விதான். "அங்கே வேதக்காரர்களும் உண்டா?" சூசையப்பர் மாதாவையும் குழந்தை இயேசுவையும் கூட்டிக்கொண்டு ஓடியது எந்த நாட்டுக்காம்? பக்கத்துத் தெருவுக்குப் பிரெஞ்சு மாப்பிள்ளை வந்தபோது பொன்னாடை, செல்ஃபி. என்ன வேலை, என்ன சம்பளம் என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. 1962-இல் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படியே ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். நம்மவர்களுக்கு மயக்கம் தெளியவில்லை.

போன முறை மருமகன் வந்தபோது, உப்புக்காற்றில் பொரிந்து கிடந்த எங்கள் முன்னறைச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மறுநாளே பழைய பூச்சை எடுத்து, கழுவி, காயவிட்டு, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துவிட்டார். கேள்வி கேட்டவர்களில் ஒருவர், "எங்கள் வீட்டுக்கும் வருவாரா?" என்றார். பேஷ்!

டிசம்பரில் மறுபடி வருகிறார்கள். அவருக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. நிருபரை அன்றைக்கே அனுப்புங்கள், பிரியாணி உண்டு. அதற்கு முன்னால் வந்தால் விரதச் சாப்பாடுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி