ஷட்டரை இறக்கும் தேதியையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பாசனத்தையும் வேளாண்மையையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும், அரசுச் செய்தியை மக்களுக்குச் சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே, மேலூர் பக்கம், வருடத்துக்கு ஒரு போகம் மட்டும் விளைகிற ஒருபோகப் பாசனத்தில், கடைமடையில் நெல் போடுகிறவன் நான். நாள் கணக்கில் முறை வைத்து விடுகிற முறைத் தண்ணீர் பாதியில் நின்றபோது எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். குறைதீர்க்கும் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து கேட்டார்கள். இனிமேல் கவனத்தில் கொள்ளப்படும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு முறை வந்து போய்விட்டது, எதுவும் மாறவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்தும் தேதியை ஒரு வாரம் முன்னால் ஊருக்குள் எழுதிப் போடுங்கள்.

தண்ணீர் ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. அணையில் மட்டம் குறைந்திருக்கலாம், கால்வாய்க் கரையில் வேலை வந்திருக்கலாம், மதுரைக்குக் குடிதண்ணீர் வைக்க வேண்டியிருக்கலாம். இதெல்லாம் எங்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. வைகையை நம்பிப் பயிர் வைக்கிறவர்களுக்குப் பற்றாக்குறை புதிதும் இல்லை. நிறுத்துவதை முன்கூட்டிச் சொல்லாததுதான் எங்கள் வருத்தம்.

தண்ணீர் திறக்கும் செய்தி எங்களுக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். எந்தத் தேதி, எத்தனை கன அடி, எத்தனை ஏக்கர் என்று எல்லாம் வருகிறது. மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பகுதிகளுக்குச் சேர்த்து 1,05,002 ஏக்கர் என்று கடைசி இரண்டு ஏக்கர்வரை எண்ணிச் சொல்கிறீர்கள். மதகில் மலர் தூவும் படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வருகிறது. நாங்களும் சந்தோஷமாகத்தான் பார்க்கிறோம். வழக்கமாக 120 நாள் கணக்கு. முதல் 45 நாள் முழுத் தண்ணீர், அப்புறம் 75 நாள் முறை வைத்து. அந்த 75 நாளில்தான் நெல்லுக்குத் தொண்டைக்கதிர் வருகிறது, அதாவது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் திரள்கிறது, பூக்கிறது, பால் பிடிக்கிறது. பயிருக்கு உயிர்போகிற கட்டம் அது. அந்தக் கட்டத்தில் ஷட்டரை இறக்கும்போது மட்டும் படமும் இல்லை, பேப்பரும் இல்லை, கன அடியும் இல்லை.

எங்கள் பக்கத்து வயல் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நாற்றுப் பாவுவதிலிருந்து களத்தில் தூற்றுவதுவரை வயல் அக்கா பொறுப்பு. முறைப்படி திங்கட்கிழமை எங்கள் மடைக்குத் தண்ணீர் வர வேண்டும். பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. வயலில் கால் புதைகிற அளவுக்கு ஈரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலுரம் போட்டுவிட்டால் மறுநாள் தண்ணீர் கட்டச் சரியாக இருக்கும் என்பது அக்காவின் கணக்கு. நெல் போடுகிற யாரைக் கேட்டாலும் சரியான கணக்கு என்றுதான் சொல்வார்கள். முந்தின நாளே யூரியாவையும் வேப்பம்புண்ணாக்கையும் கலந்து சாக்குப் போட்டு மூடி வைத்து, காலையில் பொட்டாஷையும் சேர்த்து வீசினார். திங்கட்கிழமை தண்ணீர் வரவில்லை. சனிக்கிழமை இரவே மேலே ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

நிறுத்துவதாக எழுதிய கடிதத்தில் வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கிறது. அதன் படம் விவசாயிகள் வாட்ஸ்ஆப் குழுவில் ஞாயிறு சாயங்காலம் வந்தது. எழுத்து மங்கல், கையெழுத்துக்குக் கீழே யார் என்றுகூடத் தெரியவில்லை. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். கேட்டதற்கு, குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். உண்மைதான், அனுப்பியிருக்கிறார்கள். பட்டா வீட்டுக்காரர் பேரில் இருப்பதால் பதிவில் இருப்பதும் அவர் நம்பர். அந்தக் குறுஞ்செய்தி திருப்பூருக்குப் போய், ஷிப்ட் முடிந்து அவர் பார்த்து, இரவு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும்போது உரம் வயலில் கிடந்தது.

அப்புறம் நடந்தது வழக்கமான கதை. மேலே கிணறு வைத்திருப்பவரிடம் கேட்டு, ஆயில் இன்ஜின் வாடகைக்குப் பிடித்து, ஹோஸ் இழுத்து இரவில் தண்ணீர் கட்டியதில் பாதி வயல்தான் நனைந்தது. மீதிப் பாதி வெடித்தது. அறுப்புக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். லேசாக ஊதினார். பெரும்பாலும் உள்ளே அரிசி இல்லாத கருக்காய், பறந்துவிட்டது. கையில் நின்ற மணிகளை எண்ணிவிடலாம்.

இதில் தண்ணீர் நின்றதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறு. ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த அக்கா உரத்தை நிறுத்தி வைத்திருப்பார். அதைவிட முக்கியமாக, எங்கள் கண்மாயில் அப்போது கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. முறைத் தண்ணீர் திங்கட்கிழமை வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் மடையைத் திறந்து மேல்வயல்களுக்கு விட்டுக்கொண்டிருந்தோம். தேதி தெரிந்திருந்தால் ஊர்கூடிப் பேசி, அன்றைக்கே மடையை அடைத்து, நீர்பாய்ச்சியிடம் சொல்லி, பூத்து நிற்கிற வயலுக்கு முதலில் என்று முறை வைத்திருப்போம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து செய்கிற வேலைதான் அது. இருந்த தண்ணீரையும் நாங்களே செலவழித்துவிட்டோம், சேதி வராததால். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகத் தந்திருக்க வேண்டாம். ஒரு தேதியைத் தந்திருந்தால் போதும்.

உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வைகை அணை 71 அடி. மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் கட்ட வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் சொல்கிறீர்கள். கரையோரத்தில் வண்டி வைத்து அறிவிக்கிறீர்கள். தண்ணீர் கூடும்போது மூன்று தடவை சொல்ல முடிகிறது. குறையும்போது ஒரு தடவை சொன்னால் போதும் என்றுதான் கேட்கிறோம்.

உழவன் செயலியைப் பாருங்கள் என்பது எங்களுக்குக் கிடைக்கும் இன்னொரு பதில். 2018-இல் வந்த செயலி, நல்ல செயலிதான். மானியத்துக்கும் சந்தை விலைக்கும் நானே அதைப் பார்க்கிறேன். அணையின் நீர்மட்டத்தையும் அதில் பார்க்கலாம். ஆனால் அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பதை வைத்து எங்கள் கிளை வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் நிற்கும் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதை முடிவு செய்கிறவர்கள் நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தண்டோரா இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 2022-இல் தண்டோரா கூடாது, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று அரசு அறிவுறுத்தியது. மிகச் சரியான முடிவு. ஒரு சில குடும்பத்து ஆட்களே தலைமுறை தலைமுறையாகத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதற்குப் பதிலாகச் சொன்ன ஒலிபெருக்கி எங்கே? கோமாரி ஊசி போட வரும்போது வருகிறது, வரி வசூல் முகாமுக்கு வருகிறது. தண்ணீர் சேதிக்கு மட்டும் வருவதில்லை. ஊராட்சிக் குப்பை வண்டியிலேயே ஒலிபெருக்கி இருக்கிறது, தினமும் எல்லாத் தெருவுக்கும் போகிறது. அதில் ஒரு நிமிடம் சொல்ல முடியாதா?

2021-லிருந்து வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போடுகிறார்கள். கண்காட்சி நடக்கிறது, கையேடு அச்சாகிறது, பேருந்து நிலையத்தில் பெரிய பெரிய பேனர் நிற்கிறது. அதில் சிரித்துக்கொண்டு நெற்கதிர் பிடித்திருக்கும் விவசாயியைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. எங்களைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், எங்களுக்குச் சொல்ல வேண்டியதை எங்களிடம் சொல்வதில்லை. விவசாயிகளுக்கு நாங்கள் இவ்வளவு செய்தோம் என்று நகரத்துக்குக் காட்டுவதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு, விவசாயிக்குச் சேதி சேர்வதற்குச் செலவாகக் கூடாதா? 1960-களில் திருச்சி வானொலியில் சொல்லிச் சொல்லித்தான் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியது, அதை ரேடியோ நெல் என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்குச் செல்போனும் இல்லை, செயலியும் இல்லை. விவசாயி எப்போது, எங்கே காது கொடுப்பான் என்று பார்த்துச் சொன்னார்கள்.

சரி, ஆதங்கத்தில் பேச்சு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. அங்கே வாசலில் ஒரு பலகை. அன்றைய விலை அதில் இருக்கும். காய் கொண்டுவருகிறவரும் பார்க்கிறார், வாங்க வருகிறவரும் பார்க்கிறார், யாரும் யாரையும் ஏமாற்ற முடிவதில்லை. அப்படி ஒரு பலகை எங்கள் ஊருக்கும் வேண்டும். பால் சொசைட்டி வாசலில் வைக்கலாம். காலையும் மாலையும் வீட்டுக்கு ஒருவர் அங்கே வந்துதான் ஆக வேண்டும், அதிலும் பெண்கள்தான் அதிகம். சொசைட்டி இல்லாத ஊரில் ரேஷன் கடை. வாய்க்கால் பார்க்க வருகிற லஸ்கர் ஒரு சாக்பீஸ் எடுத்து எழுதட்டும்: இந்தக் கிளையில் தண்ணீர் வரும் நாள், நிற்கும் நாள், கேட்க வேண்டிய அலுவலரின் பெயர், போன் நம்பர். தேதி மாறினால் அழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதட்டும். மாறியதற்காக யாரும் சண்டைக்கு வர மாட்டோம். தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வந்து தங்கிப் படிக்கிறார்கள். தெருவில் கோலப்பொடியால் ஊர்ப் படம் போட்டு, உங்கள் முக்கியமான பிரச்சினை என்ன என்று எங்களிடமே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நாங்கள் இதைத்தான் சொன்னோம். எந்த ஊரில் எந்த இடத்தில் பலகை வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

குறுஞ்செய்தியை நிறுத்த வேண்டாம். வயலில் நிற்கிறவர் நம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டா யார் பேரில் இருந்தாலும், பயிரைப் பார்க்கிறவர் நம்பர் ஒன்றைப் பதிவில் ஏற்ற உதவி வேளாண்மை அலுவலருக்கு ஒரு சுற்றறிக்கை போதும். எங்கள் ஊர்ப் பட்டியலை நாங்களே எழுதித் தருகிறோம்.

இந்தப் போகத்தில் இன்னும் முறைகள் மிச்சம் இருக்கின்றன. பிந்தி நட்ட வயல்கள் இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கின்றன. அடுத்து ஷட்டரை இறக்குவதற்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டி வாசலில் தேதியை எழுதிப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பலகை அடிக்க மரமும் ஆணியும் பெயிண்டும் எங்கள் செலவு. ஆளை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்துக் கடைமடை விவசாயி ஒருவன்